ஓதிய குர்ஆனை வீட்டுக் கணக்குக்குள் கொண்டுவருவது எப்படி?

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் வீடு, மலைமேல் கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டம். ரமலானில் வீட்டில் ஆளுக்கொரு கத்தம் (முழுக் குர்ஆன் ஓதல்) முடிக்கிறீர்கள், வியாழன் இரவு யாசீன் அத்தியாயம் ஓதத் தவறுவதில்லை. காலேஜில் படிக்கும் மகள், "இவ்வளவு ஓதுறோமே அத்தா, அதுல சொன்னதுல எதை நாம செய்றோம்?" என்று கேட்டிருக்கிறாள். ஓதுவதை விடாமல், அதன்படி வாழ எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

ஓதுவதையே இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பக்கம் முதலில் போய்விடாதீர்கள். ஓதும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நன்மை, அது பத்தாகப் பெருகும் என்று திர்மிதி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. தொழுகையே ஓதல் இல்லாமல் நிறைவேறாது. அதே சமயம், மூன்று நாளைக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பவர் அதை விளங்கிக்கொள்ளவில்லை என்றும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொல்லியிருக்கிறார்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் 118-ஆம் வசனம் ஒன்றையே ஓர் இரவு முழுக்க, விடியும்வரை திரும்பத் திரும்ப ஓதி நின்றார்கள் என்று நபித்தோழர் அபூதர் அறிவிக்கிறார். நம் வீடுகளில் இந்த நிதானம்தான் போய்விட்டது. ரமலானில் "உனக்கு எத்தனை ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) ஆச்சு?" என்று கேட்கிறோம். "இன்னைக்கு எந்த வசனம் உன்னை நிறுத்துச்சு?" என்று யாரும் கேட்பதில்லை.

நபித்தோழர்கள் உஸ்மானும் இப்னு மஸ்ஊதும் எப்படிக் கற்றார்கள் என்பதை அவர்களின் மாணவர் அபூ அப்துர்ரஹ்மான் அஸ்ஸுலமீ சொல்லி வைத்திருக்கிறார். பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் செயலையும் கற்று முடிக்காமல் அடுத்த வசனத்துக்குப் போக மாட்டார்கள். நாம் தலைகீழாகப் போகிறோம். முழுவதையும் முடித்துவிடுகிறோம், செயல் என்று ஒன்று எங்கும் ஒட்டுவதில்லை.

ஸஹாபாக்களின் (நபித்தோழர்களின்) வாழ்க்கையில் வசனம் எப்படி இறங்கியது என்று பாருங்கள். மிஸ்தஹ் ஏழை, அபூபக்ருக்கு உறவினர், அவரிடம் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர். அபூபக்ரின் மகளும் நபியவர்களின் மனைவியுமான ஆயிஷா மீது அவதூறு கிளம்பியபோது அவரும் சேர்ந்து பேசிவிட்டார். இனி அவருக்கு ஒரு காசும் தர மாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். "அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா?" என்று கேட்கும் அந்நூர் 22-ஆம் வசனம் வந்தது. "விரும்புகிறேன்" என்றார், நிறுத்திய தொகையைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார், இனி என்றும் நிறுத்தமாட்டேன் என்றும் சொன்னார். மகளின் மானத்தைப் பேசியவனுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது எவ்வளவு கசப்பானது! மஃகில் பின் யஸாரின் தங்கையை அவள் கணவர் தலாக் சொல்லி, இத்தா (காத்திருக்கும் காலம்) முடிந்தபின் மறுபடி பெண் கேட்டு வந்தார். "இனி உனக்குத் தரவே மாட்டேன்" என்று மஃகில் மறுத்தார். அவள் மனமோ அவரிடமே திரும்ப விரும்பியது. தடுக்காதீர்கள் என்ற அல்பகரா 232 வந்ததும் கோபத்தை விட்டுத் தங்கையை அவருக்கே மணமுடித்து வைத்தார். இரண்டும் புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளவை.

இரண்டிலும் வசனம் பொதுவான நல்லுணர்வாக நின்றுவிடவில்லை. குறிப்பிட்ட ஓர் ஆளிடம், ஒரு தொகையிடம், ஒரு முடிவிடம் வந்து நின்றது. உங்கள் வீட்டிலும் அப்படி வந்து நிற்க வேண்டும். "இன்னைக்கு நல்ல வசனம் படிச்சோம்" என்று மூடி வைத்தால் மறுநாள் ஒன்றும் மிஞ்சாது.

வழக்கமாக நடக்கக்கூடிய ஒரு முறை சொல்கிறேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் (மாலை, இரவுத் தொழுகைகளுக்கு) நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், அதில் இருபது நிமிடம் போதும். நம் பக்கத்து முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஓரத்தில் 'ஐன்' எழுத்துப் போட்டு ருகூஃ (சிறு பகுதி) பிரித்திருப்பார்கள். அதுதான் உங்கள் அளவு. ஒரு ருகூஃவை ஒருவர் ஓத, ஒருவர் தமிழ் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) சத்தமாக வாசிக்கட்டும். மீதி நேரம் பேச்சு. இதில் ஏவல் எது, விலக்கல் எது, செய்தி எது, உவமை எது என்று பிரியுங்கள். பிறகு ஒரே கேள்வி: இந்த ஏவல் நம் வீட்டில் யாரிடம், எந்த வேலையில் இடிக்கிறது?

யாசீனிலேயே தொடங்கலாம், உங்களுக்குப் பழகியது. 83 வசனம், ஐந்து ருகூஃ. வியாழன் இரவு முழுவதும் ஓதிவிட்டு, வாரத்துக்கு ஒரு ருகூஃவுக்கு மட்டும் தமிழ் பார்த்தால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். மூன்றாம் ருகூஃவில் 47-ஆம் வசனம் வரும். அல்லாஹ் கொடுத்ததிலிருந்து செலவழியுங்கள் என்றால், "அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பானே, அப்படிப்பட்டவனுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று மறுக்கிறவர்களின் பேச்சு அது. வாராவாரம் வீட்டில் ஒலிக்கும் வசனம். 70-ஆம் வசனம், உயிரோடு இருப்பவரை எச்சரிக்கவே இந்தக் குர்ஆன் என்கிறது. மய்யித் (இறப்பு) வீட்டில் யாசீன் ஓதும்போது எதிரே அமர்ந்திருக்கும் நமக்குத்தான் அந்த வார்த்தை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வசன எண், அது சொல்வது ஒரு வரியில், நம் வீட்டில் செய்ய வேண்டியது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், தொகை இருந்தால் தொகை. வாரத்துக்கு ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து, முடிந்ததா இல்லையா என்று பார்த்த பிறகே புதியது. முடியவில்லை என்றால் அதே வசனம் இன்னொரு வாரம் இருக்கட்டும். பெரும்பாலும் ஒரே வாரத்தில் ஐந்தாறு மாற்றம் எழுதி, மாதக் கடைசியில் நோட்டே காணாமல் போகும். அதனால்தான் ஒன்று என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோட்டத்துக்கு வருவோம். அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் முதல் மூன்று வசனங்கள்: தமக்கு வாங்கும்போது அளவை நிறைத்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான். விற்கும் தராசை மட்டும் சரிபார்த்துவிட்டு இந்த வசனத்தை முடித்துவிட்டதாக நினைக்கிறோம். காய் எடுக்கிற இடத்திலும் தராசு இருக்கிறது. விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி வரும் பெண்களில் ஒருவர் எடுத்த பச்சைக் காய் தராசில் 18 கிலோ 400 கிராம் காட்டுகிறது. நோட்டில் 18 என்று விழுகிறது. சில்லறை என்று விட்டுவிடுகிறோம். ஆளுக்கு 400 கிராம் வீதம் 25 பேருக்குக் கணக்கிட்டால் ஒரு நாளில் 10 கிலோ. ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ காய்ந்த காய் என்று வைத்தால், தினம் இரண்டு கிலோ ஏலக்காய் கூலி கொடுக்காமல் ஸ்டோருக்குள் வருகிறது. அதே காயைப் புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் விற்கும்போது கிராம் கணக்கில் நிற்கிறோம். அந்த வசனம் பிடிப்பது இந்த இரட்டை அளவைத்தான்.

செய்ய வேண்டியது: கிலோ கணக்கில் கூலி என்றால் கிராமையும் எழுதுங்கள். சாக்குக் கழிவு என்று ஒரு கிலோ பிடிக்கும் பழக்கம் இருந்தால் வெறும் சாக்கை எடை போட்டு, அதன் எடையை மட்டும் கழியுங்கள். முத்திரை போட்ட எடைக்கல் ஒன்றைத் தோட்டத்தில் வைத்து, வாரம் ஒருமுறை தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால் தராசு பழுது. நாள் கூலி என்றால், பேசிய நேரத்துக்கு மேல் வேலை வாங்கிய அரைமணி அந்த நோட்டில் ஏறட்டும். வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுங்கள் என்பது இப்னு மாஜாவில் உள்ள ஹதீஸ். காய் விற்றுப் பணம் வரட்டும் என்று மூன்று வாரம் இழுப்பது அந்த வீட்டு அடுப்பில் கை வைப்பது.

விற்பனையில் இன்னொன்று. மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றியவர் என்னைச் சார்ந்தவர் இல்லை என்றார்கள். நம் சரக்கில் அது பல வடிவத்தில் வரும்: மூட்டையின் மேலே திரட்சியான காய், அடியில் பிளந்ததும் பிஞ்சும், நிறம் குறைந்த காய்க்குப் பச்சைச் சாயம், மிளகில் பப்பாளி விதை. காயவைத்தது சரியில்லை என்றால் அந்த மூட்டையைத் தனி லாட்டாக, குறை சொல்லி விற்பதுதான் இந்த ஹதீஸ் கேட்பது. விலை இறங்கும். இறங்கத்தான் செய்யும்.

கடனுக்கு வருவோம். குர்ஆனிலேயே நீளமான வசனம் அல்பகரா 282, கடனை எழுதி வைப்பது பற்றியது. பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழுகிறவரும் இதை விட்டுவிடுகிறார். "நம்ம ஆளுதானே, எழுதுனா நல்லாருக்காது" என்பது சாக்கு. வசனமோ சிறியதோ பெரியதோ, தவணை குறித்து எழுதச் சோர்வடையாதீர்கள் என்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குகிறவர், எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சி வேண்டும். ஆகவே கைமாற்று என்றாலும் ஒரு தாளில் தொகை எண்ணாலும் எழுத்தாலும், கொடுத்த தேதி, திருப்பும் தேதி, வாங்கியவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. வாட்ஸ்அப்பில் வாங்கியவரே குரலில் சொல்லி அனுப்பினால் துணைக்கு நல்லது, தாளுக்குப் பதில் ஆகாது. போன் போனால் சாட்சியும் போகும். தவணை வந்தும் அவருக்கு வழி இல்லை என்றால் 280-ஆம் வசனம் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது, தள்ளுபடி செய்வது இன்னும் மேல் என்கிறது. அவகாசத்துக்காகத் தொகையைக் கூட்டினால் அது வட்டி, பெயர் எதுவானாலும். ஏலச்சீட்டில் தள்ளி எடுக்கும் தொகையும் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. எல்லோரும் ஒரே தொகை போட்டு, முறை வரும்போது ஒவ்வொருவரும் முழுத்தொகையையும் கழிவில்லாமல் எடுக்கும் குலுக்கல் சீட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

விளைச்சலில் ஏழையின் பங்கு அல்அன்ஆம் 141-இல் அறுவடை நாளிலேயே கொடுக்கச் சொன்னது. இங்கே மத்ஹபுக்கு மத்ஹப் (சட்டப் பிரிவு) சட்டம் மாறும், கவனம். நாம் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் ஏலம், மிளகு உட்பட நிலத்தில் விளைவதற்கெல்லாம் உஷ்ர் (விளைச்சல் ஜகாத்) உண்டு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று, இரண்டும் கலந்தால் ஆண்டின் பெரும்பகுதி எந்த நீரோ அதன்படி. 500 கிலோவுக்கு 50 அல்லது 25. பக்கத்துத் தோட்டத்து மாப்பிளா (மலையாள முஸ்லிம்) ஷாஃபிஈ. அவர் மத்ஹபில் உஷ்ர் சேமித்து வைத்து உண்ணும் முக்கிய உணவுப் பொருளுக்கு மட்டும்தான், ஏலக்காய்க்கு இல்லை. விற்ற பணம் நிஸாபை (ஜகாத்துக்கான குறைந்தபட்ச அளவை) எட்டி ஓராண்டு கையில் நின்றால் இரண்டரை சதவீத ஜகாத். அவர் கொடுக்கவில்லையே என்று நீங்கள் விடவும் வேண்டாம், அவரைக் குறை சொல்லவும் வேண்டாம். இந்திய நிலங்களுக்கு உஷ்ர் கடமையா என்பதில் ஹனஃபி ஆலிம்களுக்குள்ளேயே (மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே) கருத்து வேறுபாடு இருப்பதால், பட்டாவோடு போய் உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாக்கு விஷயம் எளிது, ஆனால் கடினம். அல்ஹுஜுராத் 6 செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது, 12 புறம் பேசுவதைத் தடுக்கிறது. ஒரு செய்தி குரூப்பில் வந்தால் அன்று அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருங்கள். பெரும்பாலானவற்றை மறுநாள் அனுப்பத் தோன்றாது.

மஹர் இன்னொரு இடம். அந்நிஸா 4 பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது, கொடுப்பது ஆண். நம் தஃப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) மஹர் என்று ஒரு பெயருக்குத் தொகை, பெண் வீட்டிலிருந்து கைக்கூலியும் ஐம்பது பவுனும். நிக்காஹ் சபையில் ஓதப்படும் வசனங்களுக்கு நேர் எதிராக அடுத்த அறையில் நகை எடை போடப்படுகிறது. மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதல் பேச்சிலேயே "எங்களுக்கு எதுவும் வேண்டாம், மஹர் இவ்வளவு, நிக்காஹ் அன்றே கையில்" என்று பெரியவர்கள் சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்வோம் என்றால் சொல்லவே முடியாது. நடுவில் பத்துப் பேர் பேசி முடித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட வாரிசுப் பங்குதான் சோதனை. தொழுகைக்குக் குர்ஆன் ரக்அத் எண்ணிக்கை சொல்லவில்லை, ஜகாத்துக்குச் சதவீதம் சொல்லவில்லை. பங்குக்குப் பின்னத்தையே சொல்லிவிட்டது. அந்நிஸா 7-ஆம் வசனம் குறைவோ அதிகமோ பெண்களுக்குப் பங்கு உண்டு, அது விதிக்கப்பட்டது என்கிறது. 11, 12 கணக்கைத் தருகின்றன. வரிசை இது: முதலில் கஃபன் துணி, அடக்கச் செலவு, பிறகு கடன்கள், அதில் மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மஹரும் சேரும், பிறகு வாரிசு அல்லாதவருக்கு வஸிய்யத் (உயில்) இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள், மீதிதான் பங்கு. ஒருவர் மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகளை விட்டுப் போகிறார், கடன் போக மீதி 48 லட்சம் என்று வையுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 8 லட்சம். மிச்சம் 34 லட்சம் ஐந்து பங்காகி, மகனுக்கு இரண்டு பங்கு வீதம் 13.6 லட்சம், மகளுக்கு ஒரு பங்கு 6.8 லட்சம். பெற்ற தாய்க்குப் பங்கு உண்டு என்பதையே பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

எங்கே கெடுகிறது? நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அக்கா தங்கைகள் வந்திருக்கும்போது பத்திரம் தயாராக இருக்கும். எல்லோர் முன்னாலும் கேட்டால், "வேணாம்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றுதான் அவள் சொல்வாள். மறுத்தால் தாய்வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். பயத்தில் போட்ட கையெழுத்தை மனமுவந்து கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பங்கைப் பிரித்து அவள் பெயருக்கும் கைக்கும் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு சில மாதம் கழித்து, யாரும் கேட்காமல் அவளாக அண்ணனுக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு. "சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே" என்பதும் செல்லாது. வாழும்போது தகப்பன் கொடுத்தது அன்பளிப்பு, இறந்தபின் வருவது பங்கு. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. தம்பியின் பிள்ளைகள் யத்தீமாக (தந்தையை இழந்தவர்களாக) இருந்தால் அவர்கள் பங்கு தனிக் கணக்கில் நிற்கட்டும், பருவம் வந்து பொறுப்பானதும் சாட்சி வைத்து ஒப்படையுங்கள், அந்நிஸா 6 அப்படியே சொல்கிறது. தாமதமும் ஒரு கேடு. பத்து வருடம் பெரியவர் பெயரிலேயே தோட்டம் ஓடினால், அதில் வந்த வருமானம் யாருடையது, போட்ட செலவு யாருடையது என்று பிரிக்கவே முடியாமல் போகும். மூன்று மாதத்துக்குள் கணக்கு எழுதி முடித்துவிடுங்கள்.

வசனத்தைக் கையிலெடுக்கும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தர்ஜமாவை மட்டும் பார்த்துச் சட்டம் சொல்லாதீர்கள். அல்பகரா 180 பெற்றோருக்கு வஸிய்யத் செய்யச் சொல்கிறது. பங்கு வசனம் வந்தபின் வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று நபியவர்கள் அறிவித்துவிட்டார்கள். முதலாவதை மட்டும் படித்தவர் தாய்க்கு இரட்டைக் கணக்கு எழுதுவார். முன்பின் வசனம், இறங்கிய சூழல், உங்கள் மத்ஹபின் ஆலிம் என்று மூன்றையும் கடந்து வரட்டும். இரண்டு, பிறரை அடிக்க வசனத்தைக் கம்பாக்காதீர்கள். கணவன் மனைவியின் கடமையை ஓதிக் காட்டுவது, அண்ணன் தம்பிக்குப் பணிவை ஓதிக் காட்டுவது வீட்டில் சண்டையைத்தான் வளர்க்கும். அந்த இருபது நிமிடத்தில் அவரவர் தனக்கு வந்த ஏவலை மட்டும் சொல்லட்டும். தகப்பன் தன் தவறான கணக்கைத் திருத்துவதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தால் அதன்பின் அவர்களை உட்காரச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்காது.

உங்களைப் போல இரண்டு மாநிலத்தில் சொத்து இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை வெளியே விட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949-லும் கேரளம் 1963-லும் திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டன. ஆகவே வீட்டுக்கு ஒரு கணக்கு, தோட்டத்துக்கு ஒரு கணக்கு என்று சொல்ல இடமில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா மாறுதல், கேரளப் பக்கம் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்), இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மனைவி, தாய், மகள் பெயர் இங்கே பட்டாவிலும் அங்கே கரம் (நில வரி) கட்டிய ரசீதிலும் வந்துவிட்டதா என்று பார்த்து, நகலை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.